மீன் தொட்டிக்கு ரெண்டு கலர் டியூப்லைட்: தேவையா, தண்டச் செலவா?

ஆரணிப் பட்டு எடுக்கப் போனால் நம்ம ஊர் அம்மாக்கள் செய்கிற முதல் வேலை, புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வருவதுதான். "உள்ள லைட்டுல கலரே தெரியல, வெளிய வெச்சுப் பார்க்கலாம்" என்பார்கள். கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கடை வெளிச்சம் வேற, வீட்டு வெளிச்சம் வேற என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

கலர் மீன் கடையில் இந்தப் பழக்கம் நமக்குக் கிடையாது. கடைத் தொட்டியில் ரத்தச் சிவப்பாக நீந்திய மீன், வீட்டு ஹாலில் வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே ஆரஞ்சாகத் தெரியும். பயணக் களைப்பில் மீன் வெளிறுவது உண்டு. அது ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஒரு வாரம் கழித்தும் அதே ஆரஞ்சுதான் என்றால், "மீனை மாத்திக் கொடுத்துட்டாங்களோ?" என்று சந்தேகம் வரும். மீன் மாறவில்லை. அதன் மேல் விழுகிற வெளிச்சம் மாறியிருக்கிறது. பல கடைகளில் தொட்டிக்கு மேலே ஒரு வெள்ளைக் குழலும் ஒரு இளஞ்சிவப்புக் குழலும் சேர்ந்து எரியும். அந்தக் கூட்டணிதான் சிவப்பைத் தூக்கிக் காட்டியது.

அடுத்த கட்டம் என்ன? "நமக்கும் அந்த லைட் வேணும்" என்று கிளம்புவோம். இணையத்தில் தேடினால் 6,500 கெல்வினோடு 10,000 கெல்வினைக் கல, நீலக் குழல் ஒன்று சேர், இளஞ்சிவப்பு ஒன்று போடு என்று ஆளுக்கொரு சமையல் குறிப்பு. சாதாரண டியூப்லைட்டைவிடப் பல மடங்கு விலையில் 'ஸ்பெஷல்' குழல்கள். இதில் எது நிஜமாகத் தேவை, எது வெறும் ஷோ? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு வகைக் குழல்களைக் கலப்பதில் தப்பே இல்லை. ஆனால், தொட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துக் கலக்க வேண்டும். டப்பாவில் இருக்கிற நம்பரைப் பார்த்துக் கலக்கக் கூடாது. நம்ம வீடுகளில் பெரும்பாலான தொட்டிகளுக்கு நல்ல வெள்ளை விளக்கு ஒன்றே போதும்.

ஏன் என்று பார்ப்போம்.

குழலுக்குள்ளே என்ன நடக்கிறது?

டியூப்லைட்டின் உள்ளே கொஞ்சமே கொஞ்சம் பாதரசம் ஆவியாக இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அது முக்கியமாக 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. குழலின் உட்புறத்தில் பூசியிருக்கிற வெள்ளைத் தூள், அதாவது பாஸ்பர், அந்தக் கதிரை வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாக மாற்றிக் கொடுக்கிறது.

ஆக, குழலின் 'கலர்' என்பது முழுக்க அந்தப் பூச்சின் கைங்கரியம். பூச்சை மாற்றினால் மஞ்சள் கலந்த வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்நீலம் என்று எது வேண்டுமானாலும் செய்யலாம். பழைய குழல்களில் இருப்பது ஹாலோபாஸ்பேட் பூச்சு. பிறகு வந்தது நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்று குறுகிய பட்டைகளில் ஒளிரும் முப்பட்டைப் பூச்சு. ஒரே 36 வாட்டில் பழைய வகை சுமார் 2,500 லூமன் கொடுத்தால், முப்பட்டை வகை 3,000 லூமனைத் தாண்டும். நிறமும் இயல்பாகத் தெரியும்.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? குழலின் ஓரத்தில் அச்சிட்டிருக்கிற மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். 865 என்று இருந்தால், முதல் இலக்கமான 8, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான 100 மதிப்பெண்ணில் 80-க்கு மேல் என்கிறது. அடுத்த 65, 6,500 கெல்வின் என்கிறது. 765 என்றால் கெல்வின் அதேதான், நிற மதிப்பெண் குறைவு. இரண்டுமே பார்வைக்கு வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். ஆனால், தொட்டிக்குள் இருக்கிற சிவப்பு மீனைக் கேட்டால் வித்தியாசம் சொல்லும்.

கெல்வின்: தீபத்திலிருந்து நீல வானம் வரை

கெல்வின் என்றதும் பயப்பட வேண்டாம். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது ரொம்ப ஈஸி.

கார்த்திகை தீபத்தன்று வாசலில் ஏற்றுகிற அகல் விளக்கின் சுடர், மெழுகுவர்த்திச் சுடரைப் போலவே, ஏறக்குறைய 1,900 கெல்வின். செம்மஞ்சள். பழைய குண்டு பல்பு சுமார் 2,700. உச்சி வெயில் 5,500 பக்கம். மேகம் இல்லாத நீல வானத்திலிருந்து நிழலில் வந்து விழுகிற வெளிச்சம் 10,000-ஐயும் தாண்டும். எண் ஏற ஏற வெளிச்சம் நீலத்தை நோக்கிப் போகிறது, அவ்வளவுதான் மேட்டர்.

இப்போது அடி அண்ணாமலையில் ஒரு காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஊர் மலைக்கு மேற்குப் பக்கம். சூரியன் உதித்த பிறகும் கொஞ்ச நேரம் மலைதான் மறைத்து நிற்கும். கிரிவலப் பாதையில் நடப்பவர்கள் மேல் விழுவது அப்போது வானத்தின் வெளிச்சம் மட்டுமே. அதில் நீலம் தூக்கல். சூரியன் மலைக்கு மேலே ஏறி வந்ததும் மஞ்சள் கலந்த நேர் வெயில் சேர்ந்துகொள்கிறது. வெயிலும் வானமும் கலந்த அந்தப் பகல் வெளிச்சத்துக்குத்தான் 6,500 கெல்வின் என்ற அளவை ஒரு பொது அடையாளமாக வைத்திருக்கிறார்கள். கடையில் விற்கிற 'டேலைட்' குழல் காப்பியடிக்கப் பார்ப்பதும் இதைத்தான்.

அதாவது, இரண்டு வகை வெளிச்சத்தைக் கலப்பது மீன் வளர்ப்பவர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. இயற்கையே அப்படித்தான் செய்கிறது. சிக்கல் கலப்பதில் இல்லை. கெல்வின் எண்ணை மட்டும் நம்பிக் கலப்பதில்தான் இருக்கிறது.

கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும்

6,500 கெல்வின் குழல் ஒன்று, 3,000 கெல்வின் குழல் ஒன்று. ஒரே அளவு லூமன். ரெண்டையும் சேர்த்தால் சராசரி 4,750 என்று தோன்றும். நிஜத்தில் கண்ணுக்குக் கிடைப்பது 4,200 பக்கம். காரணம், கெல்வின் எண் நேர்க்கோட்டில் ஓடுகிற அளவுகோல் இல்லை. கீழே 2,700-க்கும் 3,700-க்கும் நடுவில் தெரிகிற வித்தியாசம், மேலே 9,000-க்கும் 10,000-க்கும் நடுவில் தெரியாது. அதனால் "6,500-ம் 10,000-ம் கலந்தால் 8,250" என்கிற மாதிரிக் கணக்குகள் காகிதத்துக்கு மட்டும்தான் சரி.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கெல்வின் என்பது மொத்தச் சாயலைச் சொல்கிற ஒற்றை எண். உள்ளே எந்தெந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. சாம்பார் எவ்வளவு காரம் என்று சொன்னால், உள்ளே முருங்கைக்காய் இருக்கிறதா, கத்தரிக்காய் இருக்கிறதா என்று தெரியுமா? அது மாதிரி. ஒரே 6,500 கெல்வினில் ஒரு குழலில் சிவப்பு தாராளமாக இருக்கலாம், இன்னொன்றில் பஞ்சமாக இருக்கலாம்.

லூமனும் அரைகுறைச் சாட்சிதான். மனிதக் கண்ணுக்கு எது பிரகாசமாகப் படுகிறதோ அதை வைத்து எடுக்கிற அளவு அது. நம் கண் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் அதிக மதிப்பெண் போடும். அடர்நீலமும் அடர்சிவப்பும் எவ்வளவு இருந்தாலும் லூமன் கணக்கில் சொற்பமாகத்தான் ஏறும். 'இந்த நீலக் குழல் மங்கலா இருக்கே' என்று நாம் நினைப்போம். அதிலிருந்து ஆற்றல் நன்றாகவே வந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் சரியான கலவை எது? ஒரு குழலில் குறைவாக இருக்கிற நிறப் பட்டையை இன்னொரு குழல் நிரப்ப வேண்டும். 865 வெள்ளைக் குழலோடு, சிவப்பு தூக்கலான குழல் ஒன்றைச் சேர்ப்பது இந்த வகை. 6,500-ஐயும் 6,700-ஐயும் சேர்ப்பது கலவையே இல்லை. ஒரே குழலை இரண்டு தடவை வாங்கியது மாதிரிதான்.

பொருத்துகிற விதமும் முக்கியம். இரண்டு குழலையும் முன்னும் பின்னுமாக, பக்கத்துப் பக்கத்தில் இணையாகப் போடுங்கள். நுனியோடு நுனி சேர்த்து நீளவாக்கில் போட்டால் தொட்டியின் இடப்பக்கம் ஒரு ஊர், வலப்பக்கம் இன்னொரு ஊர் ஆகிவிடும். சிவப்பு தூக்கலான குழல் முன்கண்ணாடிப் பக்கம் இருந்தால், நம்மைப் பார்க்கிற மீனின் உடம்பில் அந்த வெளிச்சம் விழும். பின்பக்கம் மட்டும் வெளிச்சம் இருந்தால் மீன் நிழலுருவமாகத்தான் தெரியும்.

யாருக்காகக் கலக்கிறோம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். தொட்டியில் மூன்று வகைக் குடித்தனக்காரர்கள் இருக்கலாம்.

*முதலில் மீன்.* தங்கமீன், கப்பி, மோலி, ஃபைட்டர், ஏஞ்சல் என்று நம்ம வீடுகளில் இருக்கிற எந்த மீனுக்கும் 'ஸ்பெஷல்' நிறமாலை தேவையில்லை. அவற்றுக்குத் தேவை ஒழுங்கான பகல், ஒழுங்கான இரவு. நியான் டெட்ராவின் நீலக் கோடு இரவில் மங்கி, வெளிச்சம் வந்ததும் மறுபடி பளிச்சிடும். இருட்டு அதன் நாளில் ஒரு பகுதி. சிவப்பு நிறத்தைப் பொறுத்தவரை, மீன்கள் கரோட்டினாய்டு நிறமிகளைத் தாங்களே தயாரித்துக்கொள்வதில்லை, தீனியிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. சிவப்பு வேண்டுமென்றால் முதலில் தீனி டப்பாவைப் பாருங்கள், அப்புறம் டியூப்லைட்டைப் பார்க்கலாம். இளஞ்சிவப்புக் குழல் நம் கண்ணுக்குப் போடுகிற மேக்கப். பிடித்தால் போடலாம்; மீனுக்கு நல்லது என்று நினைத்துப் போட வேண்டாம்.

*இரண்டாவது, செடி.* இங்கேதான் கலவைக்கு அர்த்தம் வருகிறது. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகமாக உறிஞ்சுகிறது. இதை வைத்துத்தான் நீலமும் சிவப்பும் மட்டும் கொட்டுகிற ஊதாக் குழல்கள் சந்தைக்கு வந்தன. ஆனால், பச்சை வெளிச்சம் செடிக்கு வீண் என்பது பாதி உண்மை. 1972-ல் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 பயிர் வகைகளை வைத்துச் செய்த புகழ்பெற்ற ஆய்வு, 400 முதல் 700 நானோமீட்டர் வரை எல்லா நிறமும் ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிறது என்று காட்டியது. சிவப்பு கொஞ்சம் கூடுதலாக உதவும், பச்சை வீணாகிவிடாது. அதனால் செடி நிறைந்த தொட்டிக்கு 865 ஒன்றும் சிவப்பு தூக்கலான குழல் ஒன்றும் நியாயமான ஜோடி. இரண்டு 865 போட்டாலும் செடி கோபித்துக்கொள்ளாது.

'தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடும், அதனால் சிவப்பு போட்டுப் பயனில்லை' என்று ஒரு வாதம் வரும். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அது சரி. நம்ம ஹாலில் இருக்கிற ஒன்றரை அடித் தண்ணீரில் இழப்பு சிறு பங்குதான். தெளிவான தண்ணீர் இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

*மூன்றாவது, பவளம்.* இணையத்தில் நாம் படிக்கிற நீலக் குழல் அறிவுரையின் பிறப்பிடம் இதுதான். 10,000, 20,000 கெல்வின், 420 நானோமீட்டர் பக்கம் உச்சம் தொடுகிற 'ஆக்டினிக்' குழல் எல்லாம் வெளிநாடுகளில் கடல்நீர்த் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்ப்பவர்களுக்காகப் பிறந்தவை. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் கடல்நீருக்குள் இறங்கி வரும் நீல வெளிச்சத்துக்குப் பழகியவை. அவற்றுக்காகத்தான் அந்த நீலம்.

நம்ம கதை வேற. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986-ல் அந்தப் பகுதி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. நம்ம கடல் பவளத்தை எடுப்பதும் விற்பதும் வீட்டுத் தொட்டியில் வைப்பதும் குற்றம். அப்புறம் ஆக்டினிக் குழலை எதற்கு வாங்குகிறோம்? கப்பி மீனுக்கா? தங்கமீனுக்கு நீல டிஸ்கோ லைட் போட்ட தொட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: வேற ஊர்க்காரர்களின் தேவையை நாம காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

கலர் கலக்கலாம், சோக்கைக் கலக்காதீர்கள்

இனி வருவது கொஞ்சம் சீரியஸான பகுதி. நிறம் தப்பானால் அழகு கெடும்; வயரிங் தப்பானால் உயிருக்கே ஆபத்து. கீழே தண்ணீர் இருக்கிறது.

குழலின் தடிமனை டி12, டி8, டி5 என்று சொல்வார்கள். அந்த எண், ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்துச் சொல்கிற கணக்கு. டி8 என்றால் ஒரு அங்குலம். டி12 ஒன்றரை அங்குலம். டி5 அதைவிட ஒல்லி, சுமார் 16 மில்லிமீட்டர். பழைய 40 வாட் டி12 குழலுக்கான சாதாரண சோக்கில் 36 வாட் டி8 ஓடும். அப்படித்தான் அதை வடிவமைத்தார்கள். டி5 அந்தக் குடும்பத்தில் சேராது. அதன் முனை சிறியது, அதற்கு எலெக்ட்ரானிக் சோக் வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது இதுதான்: டி5-லேயே 28 வாட்டும் 54 வாட்டும் ஒரே நீளம், ஒரே முனை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று அழகாகப் பொருந்தும். ஆனால், 28 வாட்டுக்கு வேண்டிய மின்னோட்டம் சுமார் 0.17 ஆம்பியர், 54 வாட்டுக்கு 0.46. பொருந்துகிறதே என்று மாற்றிப் போட்டால் ஒன்று குழல் சீக்கிரம் போகும், அல்லது சோக் சூடாகும். கலர் வேறாக இருக்கலாம். வாட்டும் வகையும் சோக்கில் எழுதியிருப்பதோடு பொருந்தியே ஆக வேண்டும்.

இன்னொரு கலப்பு இப்போது அதிகமாக நடக்கிறது: பழைய பட்டியில் ஒரு டியூப்லைட், பக்கத்தில் ஒரு எல்.இ.டி குழல். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஆனால், பல எல்.இ.டி குழல்களுக்குச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, வயரிங்கை மாற்ற வேண்டும். சிலவற்றில் 230 வோல்ட் நேராக ஒரே முனைக்கு வரும். அப்படி மாற்றிய பட்டியில் நாளைக்கு வேறு யாராவது பழைய டியூப்லைட்டை மாட்டினால் விபரீதம்தான். எலெக்ட்ரீஷியனை வைத்தே மாற்றுங்கள். மாற்றியதும் பட்டி மேலேயே 'எல்.இ.டி மட்டும்' என்று எழுதி ஒட்டுங்கள்.

இன்னும் மூன்று விஷயம். தொட்டிக்கும் விளக்குக்கும் நடுவே கண்ணாடி மூடி இருக்கட்டும். வயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கட்டும். வழிகிற தண்ணீர் அங்கே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது அவசியம். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால் ஸ்விட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்குங்கள்.

சூடும் வயசும்

டி8 குழல் தன்னைச் சுற்றி 25 டிகிரி இருக்கும்போதும், டி5 சுமார் 35 டிகிரியிலும் அதிக வெளிச்சம் கொடுக்கும். நம்ம பக்கம் சித்திரை வெயிலில், மூடிய பெட்டிக்குள் இரண்டு மூன்று குழல்களை நெருக்கி வைத்தால் உள்ளே சூடு அந்த அளவைத் தாண்டிவிடும். வெளிச்சம் குறையும், தண்ணீரும் சூடாகும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கிற ஆக்ஸிஜன் குறையும். 'இன்னொரு கலர் சேர்ப்போமே' என்று மூன்றாவது குழலை மாட்டுவதற்கு முன்னால், பெட்டியில் காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

கலப்பதில் நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வகை, புதுசும் பழசும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் பூச்சு தேய்ந்து வெளிச்சம் மெல்ல மெல்லக் குறையும். கண் பழகிவிடுவதால் நமக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும். இரண்டு குழல் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, சில வாரம் கழித்து இன்னொன்றை மாற்றுங்கள். திடீர் வெளிச்சத்தைச் செடியைவிடப் பாசி வேகமாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

பாசி என்றதும் எல்லாரும் குழலின் கலரைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி வேறு: அதிகத் தீனி, மாற்றாத தண்ணீர், நாள் முழுக்க எரிகிற விளக்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போதும். ஐ.டி. வேலை, ஷிஃப்ட் வேலை என்று வீட்டுக்கு வரும் நேரமே நிச்சயமில்லாத நமக்கு, ஸ்பெஷல் குழலைவிட ஒரு டைமர் பிளக் பல மடங்கு உபயோகம். சாயங்காலம் வீட்டில் இருக்கிறபோது மீனைப் பார்க்க வேண்டுமா? மத்தியானம் இரண்டு மணிக்கு எரிந்து ராத்திரி பத்து மணிக்கு அணைகிற மாதிரி வையுங்கள். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம்.

டியூப்லைட்டுக்கு விடை கொடுக்கிற காலம்

இவ்வளவு பேசிய குழலே இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்பது அடுத்த கேள்வி. பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றது. அந்த உடன்படிக்கை நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் கூடி, பொது வெளிச்சத்துக்கான நேர் டியூப்லைட்டுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடித்துக்கொள்ள முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதலே டி5, டி8 குழல்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே, இப்போது புதுசாக டியூப்லைட் பட்டி வாங்கித் தொட்டி அமைப்பது புத்திசாலித்தனம் இல்லை. இருக்கிறது ஓடும் வரை ஓடட்டும்.

ஓடி முடிந்த குழலை என்ன செய்கிறோம்? குப்பைத் தொட்டியில் உடைத்துப் போடுகிறோம், இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்கு. தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிது இல்லை. கொடைக்கானலில் பாதரசம் கலந்த தெர்மாமீட்டர் கண்ணாடிக் கழிவு ஒரு பழைய பொருள் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001-ல் அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டது. ஒரு குழலில் இருப்பது சில மில்லிகிராம்தான். ஆனால், ஊர் முழுக்க உடைகிற குழல்களைக் கூட்டிப் பாருங்கள். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளில் பாதரச விளக்குகளும் அடக்கம். அவற்றை முறையாகத் திரும்பக் கையாளும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு உண்டு. நடைமுறையில் வீட்டுக்காரர் கையில் இருக்கிற குழலுக்கும் அந்த விதிக்கும் நடுவில் ஒரு பாலம் இல்லை.

வீட்டில் குழல் உடைந்தால், ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் எல்லாரும் வெளியே வாருங்கள். துடைப்பமோ வேக்யூம் கிளீனரோ வேண்டாம். தூள் காற்றில் பறக்கும். கெட்டி அட்டையால் வாரி, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடிபோட்ட டப்பாவில் அடையுங்கள்.

எல்.இ.டி வந்துவிட்டால் கலவைப் பிரச்சினை முடிந்துவிடுமா? இல்லை, உருவம் மாறும். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல சிப்பும் அதன் மேல் மஞ்சள் பாஸ்பரும். நீலம் தாராளம், அடர்சிவப்பு கம்மி. அதனால்தான் செடித் தொட்டி விளக்குகளில் வெள்ளையோடு சிவப்பு எல்.இ.டி.யையும் சேர்க்கிறார்கள். மொபைல் ஆப்பில் ஆயிரம் கலர் காட்டுகிற விளக்கும் வந்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்வி மட்டும் பழையதுதான்: உள்ளே யார் இருக்கிறார்கள்? நிற மதிப்பெண் 80-க்கு மேல் இருக்கிறதா? எத்தனை மணி நேரம் எரியும்?

கடைக்காரர்களிடம் கேட்க வேண்டியது

தமிழ்நாட்டில் கலர் மீன் என்றாலே சென்னை கொளத்தூர்தான் நினைவுக்கு வரும். வளர்ப்பும் மொத்த வியாபாரமும் பெரிய அளவில் நடக்கிற இடம். வண்ண மீன்களுக்கென்றே தனி வணிக வளாகம் கட்ட அரசே முன்வந்த அளவுக்கு வளர்ந்த தொழில். பலருடைய பிழைப்பு அதில் இருக்கிறது. கடையில் இளஞ்சிவப்பு லைட் போடுவதை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன். காய்கறிக் கடையில் தக்காளி மேல் தண்ணீர் தெளிப்பதும், நகைக்கடையில் மஞ்சள் விளக்கு போடுவதும் அதே ரகம்.

ஆனால், இந்தத் தொழில் வளர வேண்டுமென்றால் வாங்குபவரின் நம்பிக்கை வேண்டும். அதற்கு மூன்று விஷயம் போதும். ஒன்று, ஒவ்வொரு கடையிலும் சாதாரண வெள்ளை விளக்கு போட்ட ஒரு 'பார்வைத் தொட்டி' இருக்கட்டும். வாங்குகிற மீனை அதில் விட்டுக் காட்டட்டும். புடவையை வாசலுக்கு எடுத்துப் போக விடுகிற பெருந்தன்மை மீன் கடைக்கும் வரட்டும். இரண்டு, 'ஸ்பெஷல்' விளக்கு விற்கும்போது அது மீனுக்கா, செடிக்கா, பவளத்துக்கா என்று டப்பாவில் தமிழில் எழுதியிருக்கட்டும். மூன்று, புதுக் குழலோ எல்.இ.டி.யோ விற்கிற கடை, செத்துப்போன பழைய குழலை வாங்கிக்கொள்ளட்டும். அங்கிருந்து அதை எடுத்துப் போவதை உற்பத்தியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் பக்கத்துக்கு ஒரே ஒரு வேலை. அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, "அண்ணா, அந்தப் பிங்க் லைட்டைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்று கேளுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் அந்த மீனை வாங்குங்கள்.